மெல்லிய தோல், முரட்டுப் பிடிவாதம்

கே: பினோ நுவார், பினோ கிரி, பினோ பிளாங்க்… இந்த ஒயின் திராட்சைகள் மூன்றும் அண்ணன் தம்பிகளா?

ப: அதைவிட நெருக்கம். மூன்றும் ஒரே ஆள்! கறுப்பான பினோ நுவாரில், தோலுக்கு நிறம் தரும் மரபணுக்கள் கெட்டுப்போனதால் பிறந்தவைதான் மற்ற இரண்டும். வழக்கமான மரபணுச் சோதனையில் மூன்றையும் பிரித்தறிய முடியாது. ஷார்டனே திராட்சை மட்டும் பிள்ளை முறை. அப்பா அம்மா, பினோவும் கூவே பிளாங்க் என்ற மட்டமான வெள்ளைத் திராட்சையும். இந்த உறவு 1999-ல்தான் வெளியே தெரிந்தது.

கே: கறுப்புத் திராட்சையில் வெள்ளை ஷாம்பெயின் வருவது எப்படி?

ப: நிறம் தோலோடு சரி, சாற்றில் இல்லை. பதமாகப் பிழிந்து, தோலை உடனே ஒதுக்கிவிட வேண்டும்.

கே: பினோ வளர்ப்பது பெரிய தலைவலி என்கிறார்களே?

ப: உண்மைதான். தோல் மெலிசு, குலை நெருக்கம். மழை பெய்தால் நடுவில் ஈரம் நின்று அழுகிவிடும். மற்ற பல கொடிகளுக்கு முந்தித் துளிர்ப்பதால் உறைபனியிலும் எளிதில் மாட்டிக்கொள்ளும். 2021 ஏப்ரலில் பிரான்சின் பர்கண்டி பகுதி விவசாயிகள் விடிய விடியக் கொடி வரிசைகளுக்கு நடுவே மெழுகுத் தீ மூட்டிக் காவல் காத்தார்கள். அப்படியும் விளைச்சலில் பலத்த அடி. சூடான ஊருக்குக் கொண்டுபோனால் அவசரமாகப் பழுத்து, மணத்தைத் தொலைத்துவிடும். நிறையக் காய்க்க விட்டாலோ சுவை நீர்த்துப்போகும்.

கே: அப்படியானால் சுலபமாக வளரும் வேறு ரகத்தை வைத்துக்கொள்ளலாமே?

ப: வைத்தார்கள். கமே என்ற ரகம் அள்ளி அள்ளிக் கொடுத்தது. பர்கண்டி பிரபு பிலிப்புக்கு அது பிடிக்கவில்லை. 1395-ல், அத்தனை கமே கொடிகளையும் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். கூடை நிறையாமல் போன குடியானவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஆனாலும் பினோவை விடக்கூடாது என்பதில் நான் பிலிப் கட்சி.

கே: பர்கண்டி ஒயினுக்கு வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலையா? நியாயமா?

ப: பர்கண்டியின் கோட் தோர் சரிவில் நின்று பார்த்தால் காரணம் புரியும். கிழக்கு பார்த்த சுண்ணாம்புச் சரிவு. உச்சியில் மண் ஆழமில்லை. அடிவாரத்தில் தண்ணீர் தேங்கும். நடுவில்தான் காலை வெயிலும் வடிகாலும் கச்சிதம். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் உண்டு. அவற்றை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மண்ணின் வித்தியாசத்தை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் காட்டும் சிவப்புத் திராட்சை வேறு இல்லை என்பேன். விலையின் நியாயம் வேறு கணக்கு. அங்குள்ள ரொமானே-கோன்டி தோட்டம் மொத்தமே சுமார் நாலரை ஏக்கர். கேட்பவர்களோ உலகம் முழுக்க.

கே: திராட்சையைக் காலால் மிதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறதா?

ப: சில இடங்களில் உண்டு. நொதிக்கும்போது கிளம்பும் வாயு தோலையெல்லாம் மேலே தள்ளி, கெட்டியான ஆடையாகத் திரட்டிவிடும். நிறமும் மணமும் அதில்தான். அதை அடிக்கடி சாற்றுக்குள் அமுக்கிவிட வேண்டும். கோலாலும் செய்யலாம், தொட்டியில் இறங்கிக் காலாலும் செய்யலாம். அளவு மீறினால் துவர்ப்பு ஏறிவிடும். பிறகு 228 லிட்டர் ஓக் பீப்பாயில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு. புது ஓக்கைத் தாராளமாகப் போட்டு வெனிலா மணக்க வைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. வயலை மறைக்கவா இத்தனை பாடு?

கே: நிறம் வெளிறியிருந்தால் மட்டமான சரக்கா?

ப: இல்லவே இல்லை. கிளாசுக்குப் பின்னால் வைத்த விரல் தெரிவதுதான் பினோவின் இயல்பு. 15 டிகிரி அளவில், வயிறு அகன்ற கிளாசில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, முதலில் முகருங்கள். இளசில் செர்ரி, ராஸ்பெர்ரி. வயதானால் காளான், மழையில் நனைந்த சருகு. நாக்கில் புளிப்பு துள்ள வேண்டும். துவர்ப்பு உறுத்தக் கூடாது.

கே: பழைய பாட்டில் வாங்கி முதலீடு செய்யலாமா?

ப: 1945 ரொமானே-கோன்டி ஒன்று 2018 ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. ஆசை வருகிறதா? இதையும் கேளுங்கள். 2008-ல் நியூயார்க் ஏலத்துக்கு, பர்கண்டியின் பொன்சோ பண்ணையில் 1945 முதல் 1971 வரை விளைந்த குளோ சாந்தெனி ஒயின் என்று பாட்டில்கள் வந்தன. அந்தப் பண்ணை அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980-களில்! உரிமையாளர் லோரான் பொன்சோ நேரிலேயே போய் விற்பனையை நிறுத்தினார். அந்தப் போலிச் சரக்கைக் கொடுத்த ரூடி குர்னியவானுக்கு 2014-ல் பத்தாண்டுச் சிறை. குடிக்க வாங்குகிறவர் ஏமாந்தால் ஒரு மாலைப்பொழுது போகும். பூட்டிவைக்க வாங்குகிறவர் ஏமாந்தது தெரியவே வருஷங்கள் ஆகும்.

கே: ஒயினைத் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

ப: பருவநிலைக் கணக்கு இருக்கிறது. பர்கண்டியில் போன் என்ற நகரில் 1354-லிருந்து திராட்சை பறிப்பு தொடங்கிய தேதிகள் கிடைக்கின்றன. கூலிக் கணக்குக்காகவும் ஊர் நிர்வாகத்துக்காகவும் எழுதிவைத்தவை. கோடை சுட்டால் பறிப்பு முந்தும், குளிர்ந்தால் பிந்தும். அந்தத் தேதிகளை ஆராய்ச்சியாளர்கள் 2018 வரை கோத்துப் பார்த்தார்கள். 1988-க்குப் பிறகு பறிப்பு சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. சூட்டைத் தாங்காத பினோவுக்கு இது கெட்ட செய்தி.