மூன்றரை டன் மாப்பிள்ளை

பிரிஸ்பேன்

அன்புள்ள பெரியப்பா, பெரியம்மா,

உங்கள் மாப்பிள்ளை புது வண்டி வாங்கப் போகிறார் என்று அக்கா போனில் சொன்னதும், "இருக்கிற காருக்கு என்ன கேடு?" என்று கேட்டீர்களாம். காருக்கு ஒரு கேடும் இல்லை. மாப்பிள்ளைக்குத்தான் கேரவன் ஆசை பிடித்திருக்கிறது. இந்த ஊரில் ஐம்பதை நெருங்கும் ஆண்களுக்குச் சர்க்கரை வருகிறதோ இல்லையோ, கேரவன் வந்துவிடுகிறது. அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் அடங்கிய அந்தச் சக்கர வீட்டை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கண்டத்தையே ஒரு சுற்று வர வேண்டுமாம். ஓரமாகவே சுற்றிப் போகும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை மட்டும் சுமார் 14,500 கிலோமீட்டர். அது போதாதென்று நடுநடுவே தார் ரோட்டை விட்டு இறங்கி மணலிலும் சேற்றிலும் புகுந்து வர வேண்டும். அதற்குக் கார் ஆகாது, 'யூட்' வேண்டும் என்று ஆரம்பித்தார்.

யூட் என்றால் நம் ஊர் பிக்கப்தான். முன்னால் நாலைந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த சுமைப்பெட்டி. ஆனால் மரியாதை வேறு. நம் கோபிசெட்டிபாளையத்தில் பிக்கப் ஓட்டுகிறவரிடம் "வாடகை என்ன கேக்கறீங்க?" என்பார்கள். இங்கே அதையே ஓட்டுகிறவரைப் பார்த்து பிளம்பராக இருக்கும், சொந்த வீடு இருக்கும், மீன் பிடிக்கப் படகும் இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். 2016 முதல் 2022 வரை வருடம் தவறாமல் இந்த நாட்டில் அதிகம் விற்ற வண்டி டொயோட்டா ஹைலக்ஸ். 2023-ல் அதை முந்தியது ஃபோர்டு ரேஞ்சர். முதலிடத்துக்கு அப்போது மல்லுக்கட்டிய இரண்டுமே கார் இல்லை, பிக்கப்.

இந்த வகை வண்டி பிறந்ததே ஆஸ்திரேலியாவில்தான் என்று மாப்பிள்ளை மார்தட்டிக்கொள்வார், ஏதோ தானே பிரசவம் பார்த்த மாதிரி. 1930-களின் தொடக்கத்தில் விக்டோரியா மாநிலத்து விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம்: ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நனையாமல் போக வேண்டும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்ற வேண்டும், இரண்டுக்கும் ஒரே வண்டி கிடைக்குமா? ஜீலாங் ஆலையில் வேலை பார்த்த, இருபது சொச்சம் வயது லூயிஸ் பாண்ட் என்கிற வடிவமைப்பாளர் அதற்காக வரைந்தது 1934-ல் வெளிவந்தது. இன்றைக்கு அந்தப் பெருமை மட்டும்தான் மிச்சம். ஃபோர்டு இங்கே கார் செய்வதை 2016 அக்டோபரில் நிறுத்தியது. டொயோட்டாவும் ஹோல்டனும் மறு அக்டோபரில் மூடின. ஹைலக்ஸ், ரேஞ்சர், ஐசூசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன் எல்லாம் இப்போது தாய்லாந்திலிருந்து கப்பலில் வருகின்றன. ரேஞ்சரை வரைவது மட்டும் இன்னமும் மெல்போர்னில்.

உங்களுக்கும் இதில் உறவு உண்டு பெரியப்பா. நம் மறைமலை நகரில் செய்த ஃபோர்டு எண்டெவர் நினைவிருக்கிறதா? அதற்கும் ரேஞ்சருக்கும் அடிச்சட்டம் ஒரே வம்சம். அந்த ஆலையைத்தான் 2022-ல் மூடிவிட்டார்கள். டி-மேக்ஸின் பங்காளி ஒன்று தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் தயாராகி, வி-கிராஸ் என்ற பெயரில் நம் ஊரில் ஓடுகிறது.

சரி, வண்டி பார்க்கும் படலத்துக்கு வருவோம். பெண் பார்க்கப் போனபோதுகூட உங்கள் மாப்பிள்ளை இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார். எந்த ஷோரூமுக்குப் போனாலும் முதல் வார்த்தை 3500. "மூன்றரை டன் இழுக்கும் சார்!" ஹைலக்ஸும் 3500, ரேஞ்சரும் 3500, டி-மேக்ஸும் 3500. அந்த எண்ணைக் கேட்டதும் மாப்பிள்ளையின் கண்ணில் பளபளப்பு. மூன்றே கால் டன் கேரவன் ஒன்றின் விளம்பரமும் கையில் தயார்.

அக்காதான் பென்சிலை எடுத்தாள். கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவளிடம் ஒரு எண்ணை மட்டும் காட்டி ஏமாற்ற முடியுமா? "இது இழுக்கறதுக்கு. சுமக்கறதுக்கு எவ்வளவு? ரெண்டும் சேர்ந்தா எவ்வளவு?" என்று கேட்டாள். விற்பனைக்காரப் பையன் கையேட்டைத் தேடப் போனான்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு உச்சவரம்பு. வண்டி தன் முதுகில் சுமந்து நிற்கக்கூடிய மொத்த எடை ஒன்று. அதை ஜிவிஎம் என்கிறார்கள். வண்டியும் பின்னால் வருவதும் சேர்ந்த கூட்டு எடை இன்னொன்று, அது ஜிசிஎம். 2020-க்குப் பிறகு வந்த ஆட்டோமேட்டிக் டபுள் கேப் ஹைலக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டு எடை வரம்பு 5850 கிலோ. விளம்பரத்தில் சொன்னபடி 3500 கிலோ கேரவனை மாட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2350. வண்டியின் வெற்று எடையே சுமார் 2100. ஆக, ஆள், சாமான், கூலர் பெட்டி, கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 250 கிலோதான் இடம். அக்கா, மாப்பிள்ளை, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் ஏறினாலே அது தீர்ந்தது. அரிசி மூட்டையைத் தனியாகப் பார்சல் போட வேண்டும். ரேஞ்சருக்குக் கூட்டு எடை வரம்பு 6350-ஐ ஒட்டி வருவதால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் அதன் வெற்று எடையும் கூடுதல். மூன்றரை டன் என்பது பொய் இல்லை. வண்டியில் டிரைவர் மட்டும் உட்கார்ந்து, வேறு ஒன்றும் ஏற்றாமல், பட்டினியாகப் போகிறவருக்கு அது உண்மை.

அடுத்தது கொக்கியில் இறங்கும் பாரம். இதை உங்களுக்கு விளக்கவே வேண்டாம். கரும்பு டிராக்டரில் டிரெய்லரின் முன்பக்கம் பாரம் கூடிப்போனால் டிராக்டரின் முன் சக்கரம் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிற மாதிரி எழும்புமே, அதே கதை. இங்கே கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கினால் நல்லது என்று பொதுக் கணக்கு. மூன்று டன் என்றால் 300 கிலோ. அது முழுவதும் வண்டியின் ஜிவிஎம் கணக்கில் சேரும். பின் அச்சு அமுங்கி, முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி தளரும். அதற்குப் பயந்து கனமான சாமானைக் கேரவனின் பின்கோடியில் அடுக்கினால் இன்னும் ஆபத்து. கொக்கியில் பாரம் குறைந்து, வேகம் எடுத்ததும் கேரவன் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். கடைசியில் அது வண்டியை ஓட்டும். எடை மேடையில் ஒரு முறை ஏற்றிப் பார்க்காமல் நீண்ட பயணம் கிளம்பக் கூடாது என்று அக்கா சட்டம் போட்டுவிட்டாள். நெல் லோடு எடை போடுகிற வீட்டில் வளர்ந்தவளாயிற்றே.

பிரேக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 750 கிலோவைத் தாண்டினால் இழுபடும் வண்டிக்கும் தனியாகப் பிரேக் இருக்க வேண்டும். இரண்டு டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும். கொக்கி கழன்று கேரவன் தனியே ஓட ஆரம்பித்தால் தானே பிரேக் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். கேரவனின் பிரேக்கை இயக்கும் பெட்டியை டிரைவரின் முழங்கால் பக்கம் பொருத்துகிறார்கள். காசு தனி.

இனி மணல். மாப்பிள்ளைக்கு உயிரே இதில்தான். இந்த வண்டிகளில் பெரும்பாலும் மூன்று நிலை: தார் ரோட்டில் பின் சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும், மண்ணில் நாலும் இழுக்கும், செங்குத்தான ஏற்றத்திலும் ஆழ மணலிலும் தாழ்ந்த கியரில் நாலும் ஆமை வேகத்தில் இழுக்கும். இதில் ஒரு சூட்சுமம். நாலு சக்கரத்தையும் பூட்டிக்கொண்டு காய்ந்த தார் ரோட்டில் வளைந்தால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டிய கட்டாயத்தில் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கு தீரும், தாரில் தீராது. டிரைட்டனின் மேல் வகைகளில் தார் ரோட்டிலும் நாலு சக்கர இழுவையைப் போட்டுக்கொள்ளும் வசதி உண்டு. மழைக்கால மலைப்பாதையில் கேரவன் இழுப்பவருக்கு அது பெரிய வரம். விளம்பரத்தில் வரும் பாறை ஏற்றத்தை விட இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். யார் கேட்கிறார்கள்?

ஓசியில் கிடைக்கும் மந்திரம் ஒன்று உண்டு: காற்றை இறக்குவது. தார் ரோட்டில் முப்பத்தைந்து நாற்பது பவுண்டு வைத்திருக்கும் டயரை மணலுக்கு முன்னால் பதினெட்டு வரை இறக்கினால், டயர் நீளவாக்கில் படுத்துக்கொண்டு மணலில் மிதக்கிற மாதிரி போகும். பத்தாயிரம் டாலருக்கு மேல்சாமான் மாட்டிக்கொண்டு காற்றை இறக்கச் சோம்பல்பட்டவர் புதைந்து கிடப்பதையும், பழைய வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போவதையும் இங்கே எந்தக் கடற்கரையிலும் பார்க்கலாம்.

பிரிஸ்பேன்காரர்களுக்குப் பரீட்சை மைதானம் கர்ரி (K'gari) தீவு. முன்பு ஃப்ரேஸர் தீவு என்று பெயர். 2023-ல் பட்சுல்லா மக்களின் பழைய பெயரையே அதிகாரபூர்வமாகத் திரும்ப வைத்தார்கள். உலகத்திலேயே பெரிய மணல் தீவு. உள்ளே ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும்தான் வழி, அதற்கும் பெர்மிட். அதன் எழுபத்தைந்து மைல் கடற்கரையே நெடுஞ்சாலை: மணிக்கு 80 கிலோமீட்டர் வேக எல்லை, சாலை விதி, போலீஸ் எல்லாம் உண்டு. சின்ன விமானங்களும் அதே மணலில்தான் இறங்கும். ஒதுங்கி வழிவிட வேண்டும். அலை ஏறும் நேரம் தெரியாமல் இறங்கினவரின் வண்டி உப்புத் தண்ணீரில் குளிக்கும். அதற்கு இன்சூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்று தனியாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

புதைந்த வண்டியை எடுப்பதில் ஒரு விஷயத்தை மட்டும் அக்கா பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாள். இழுபடும் நைலான் பட்டையைக் கேரவன் மாட்டும் டோ பால் குண்டில் மாட்டவே கூடாது. பட்டை ரப்பர் மாதிரி நீண்டு விசையைச் சேர்த்து வைத்திருக்கும்; குண்டு ஒடிந்தால் பீரங்கி உருண்டையாகக் கண்ணாடியைத் துளைத்து வரும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிரே போயிருக்கிறது. அதற்கென்று அடிச்சட்டத்தில் போல்ட் போட்டுப் பூட்டிய மீட்புக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பட்டை விறைக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்கள் தூரப் போய்விட வேண்டும். வேடிக்கை பார்ப்பதில் நம்மவர்களைச் சொல்ல வேண்டுமா, கைக்கெட்டும் தூரத்தில் நின்று "விடு விடு, வலது பக்கம் ஒடி" என்பார்கள்.

மேல்சாமான் விஷயத்தில் மாப்பிள்ளைக்கு வாய் பெரிது. கங்காரு குறுக்கே வந்தால் தாங்க முன்னால் இரும்புக் காப்பு, ஆற்றைக் கடக்க மூச்சுக்குழாய், கூரையில் கூடாரம், இரண்டாவது பேட்டரி. ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அக்கா பக்கத்தில் கிலோவை எழுதினாள். இரும்புக் காப்பு மட்டும் அறுபது கிலோ பக்கம். பட்டியலின் பாதியிலேயே பெரிய பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலைமை வந்துவிட்டது. பிள்ளை சந்தோஷமாகச் சம்மதித்தான் என்பது வேறு.

பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்த பிஒய்டி ஷார்க் யூட் வைத்திருக்கிறார். சத்தமே இல்லை, அதன் மின்சாரத்தில் அடுப்பே எரிக்கலாம். ஆனால் இழுவை 2500 கிலோதான். மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். அக்காவோ அந்த எண்ணையே பிடித்துக்கொண்டாள்: "ரெண்டரை டன்னுக்கு உள்ள அடங்கற கேரவனா பார்த்தா என்ன?"

அதில்தான் முடிச்சு அவிழ்ந்தது. முதலில் கேரவன், பிறகு வண்டி. சாமான், இருநூறு லிட்டர் தண்ணீர் எல்லாம் ஏற்றி 2400 கிலோவைத் தாண்டாத கேரவன் ஒன்றை முடிவு செய்தார்கள். அதை இழுக்க மூன்று லிட்டர் டீசல் டி-மேக்ஸ். ஊர் எல்லை தாண்டிச் சார்ஜ் போடும் இடம் தேட வேண்டாம், பின் அச்சைப் பூட்டும் வசதியும் இருக்கிறது. ஜிவிஎம் 3100, வெற்று எடையும் கொக்கிப் பாரமும் போக எழுநூறு கிலோவுக்கு மேல் மிஞ்சுகிறது. பெரிய பிள்ளைக்கும் இடம் உண்டு என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கணக்கில் விட்டுப்போயிற்று. டி-மேக்ஸின் நீளம் ஐந்தே கால் மீட்டருக்கு மேல். இரும்புக் காப்பும் டோ பாரும் சேர்ந்தால் வீட்டு கராஜின் ஷட்டர் இறங்காது. கேரவனை நிறுத்தப் பக்கவாட்டுச் சந்து வேண்டும். அந்தச் சந்தில் அக்காவின் கறிவேப்பிலை மரம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மரத்தை வெட்டுவதற்குப் பதில் மாப்பிள்ளையை வெட்டலாம் என்பது அவள் கட்சி. இடம் மாற்றி நடலாம் என்பது இவர் கட்சி. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. ஆள் உயரக் கறிவேப்பிலையை வேரோடு எடுத்து நட்டால் பிழைக்குமா, எவ்வளவு தாய்மண் விட வேண்டும் என்று பெரியம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். இங்கே ஜூலையில்தான் குளிர், அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வண்டி அடுத்த மாதம் வருகிறது.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்