பதிமூணாயிரத்துச் சில்லறை

பந்தி முடிந்து கை கழுவப் போகும்போது போனை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் திரும்புவதற்குள் எங்கள் அண்ணன் அதை எடுத்து, கவரைக் கழற்றி, முதுகைத் தடவி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்து முடித்திருப்பார். ஈரக் கையோடு வந்து நிற்பவரிடம் முதல் கேள்வி: "எவ்வளவு ஆச்சு?"

உண்மை விலையைச் சொன்னால் உச்சுக்கொட்டுவார். குறைத்துச் சொன்னால் நம்பமாட்டார். அன்றைய விலை அவருக்கு மனப்பாடம். மச்சான் துபாயிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது என்றால், "மச்சானுக்கு எவ்வளவு ஆச்சு?" என்பார். எப்படிச் சுற்றினாலும் வந்து சேருகிற இடம் ஒன்றுதான். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து உங்கள் போனுக்குப் பக்கத்தில் படுக்க வைப்பார். "இது பதிமூணாயிரத்துச் சில்லறை."

அந்தச் சில்லறை 999 ரூபாய். பதினாலாயிரம் என்ற சொல் அவர் வாயில் வராது.

இந்தப் பதிமூணாயிரத்துச் சில்லறை இனம் எப்போது பிறந்தது என்பதை மாதத்தோடு சொல்லலாம்: 2014 ஜூலை. ஷாவ்மி நிறுவனம் எம்.ஐ. 3 என்ற போனை இந்தியாவில் 13,999 ரூபாய்க்கு இறக்கியது. உள்ளே ஸ்னாப்டிராகன் 800 சிப். அதே சிப் போட்ட நெக்சஸ் 5 முந்தின வருடக் கடைசியில் இங்கே வந்தபோது விலை 28,999. அப்போது கடையில் போய்க் கேட்டால் எம்.ஐ. கிடைக்காது. ஃப்ளிப்கார்ட்டில் முன்கூட்டியே பெயர் பதிந்து, குறித்த நேரத்தில் பட்டனை அழுத்த வேண்டும். சில நொடிகளில் தீர்ந்துவிடும். அண்ணன், ஆபீசில் கிடைத்தவர்களையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஒரே நேரத்தில் அழுத்தச் சொன்னார். யாரோ ஒருவருக்குச் சிக்கியது. ஊரே ஏமாந்துகொண்டிருக்கிறது, தான் ஒருவர் மட்டும் தப்பித்துவிட்டோம் என்கிற ஞானம் அவருக்கு அன்றைக்கு வந்தது. இன்னும் இறங்கவில்லை.

அவருடைய பேராயுதம் போட்டோப் பரீட்சை. கல்யாணமோ காதுகுத்தோ, சாப்பாடு ஆனதும் உங்கள் தோளைப் பிடித்து மண்டபத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு போவார். "உன் போனை எடு. லாக்கை எடுத்துட்டுக் குடு." ஒரு செம்பருத்திச் செடியைத் தேடிப் பிடிப்பார். உங்கள் போனில் நடந்துகொண்டே ஒரு அழுத்து. பிறகு தன் போன். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி, காற்று நிற்கும்வரை காத்திருப்பார். பூ அசைந்தால் பூவை அதட்டுவார்.

இரண்டு படமும் அடுத்த நிமிடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். "எது பதிமூணு, எது எண்பது? கண்டுபிடிங்க பார்ப்போம்." உள்ளே பாயசத்துக்குக் காத்திருக்கிற சித்தப்பா கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே பூதானே?" என்று பதில் போடுவார். தீர்ப்பு ஆகிவிட்டது. அண்ணன் போனை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார். "பெரிய மனுஷனே சொல்லிட்டார்."

இந்தப் பரீட்சையில் அவர் தோற்கவே மாட்டார். வினாத்தாளும் அவருடையது, திருத்துவதும் அவர். நடுப்பகல் வெயிலில், அசையாத ஒன்றை, எந்த போனும் ஒழுங்காகத்தான் எடுக்கும். கொடுத்த காசு தெரிவது வெளிச்சம் குறையும்போது. பெரிய சென்சாருக்கும் கை நடுக்கத்தைத் தாங்குகிற லென்சுக்கும் அப்போதுதான் வேலை. போதாததற்கு வாட்ஸ்அப் போகிற வழியிலேயே இரண்டு படத்தையும் பிழிந்து சுருக்கிவிடுகிறது. எச்.டி.யில் அனுப்ப 2023-லிருந்து ஒரு பட்டன் இருக்கிறது. அதன் பக்கம் அவர் விரல் போனதே இல்லை. மாப்பிள்ளை அழைப்பில் எடுத்துப் பார்ப்போமா என்று கேட்டால், "ராத்திரியில எவன்டா பூவைப் படம் எடுப்பான்?" ஓடுகிற பிள்ளையை எடுக்கச் சொன்னால், பிள்ளையை நிற்கச் சொல்வார்.

மெகாபிக்சல் விஷயத்துக்குள் அவரோடு போகக்கூடாது. அவருடையது 108, என்னுடையது 48 என்று தெரிந்ததும் முகத்தில் வந்த இரக்கத்தைத் தாங்க முடியாமல் அதற்குள் போனேன். "அண்ணே, அது ஒன்பது புள்ளியை ஒண்ணாச் சேர்த்து, கடைசியில 12 மெகாபிக்சல் படமாத்தான் குடுக்குது." கொஞ்ச நேரம் யோசித்தார். "பாக்கி தொண்ணூத்தாறும் உள்ளேதானே இருக்கு?" என்றார், வங்கியில் வைப்புநிதி போட்டிருப்பவரின் நிம்மதியோடு.

எரிச்சல் என்னவென்றால், பல இடத்தில் அவர் சொல்வது சரி. நான் வாங்கின ஐபோன் 15, 2023-ல் வந்தபோது ஆரம்ப விலை 79,900. "இதை ஸ்ரீபெரும்புதூர்லதான்டா பூட்டுறான். நம்ம ஊர்ல செஞ்சு நமக்கு இந்த விலையா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கால்குலேட்டரைத் தட்டினார். மொபைலுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அந்த 79,900-க்குள் வரி மட்டும் 12,188 ரூபாய். "நீ கட்டின வரிக்கு மேல ரெண்டாயிரத்துக்குள்ள போட்டா என் போனே வந்துடும்." மறுக்க முடியவில்லை. நாள் கணக்கும் பார்த்தோம். ஐந்து வருடம் வைத்திருந்தால் எனக்கு ஒரு நாளைக்குச் சுமார் 44 ரூபாய். இரண்டே வருடத்தில் தூக்கிப் போட்டாலும் அவருக்கு 19. விலை கூடின போன்களுக்கு இப்போது ஏழு வருடம் அப்டேட் கிடைக்கிறது, பிக்சல் 8-க்கு கூகுள் சொல்லிவிட்டது, எஸ்24-க்கு சாம்சங் சொல்லிவிட்டது என்று கடைசி அம்பை விட்டேன். "ஏழு வருஷம் ஒரே போனா? போர் அடிக்காது?" சிக்கனத்தின் அவதாரம் கேட்ட கேள்வி இது.

அவரைத் திட்டிவிட்டு எழுந்து போகவும் முடியாது. 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது, ஆன்லைன் வகுப்புக்குப் போன் இல்லாமல் முழித்த உறவுக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் தேடித் தேடி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். எது ஹேங் ஆகாது, எந்த கார்டுக்குத் தள்ளுபடி, எது விழுந்தால் டிஸ்பிளே போகும் என்று ராத்திரி உட்கார்ந்து பார்ப்பார். சிலர் பணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. அதை அவர் ஒருநாளும் குழுவில் போட்டதில்லை. எண்பதாயிரம் போன் வைத்திருந்த நாங்கள் யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை.

ஆனால் அவருடைய கணக்கில் வராத ஒரு வரி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போர் அடித்ததும் அவருக்குப் புதுசு வரும். பழசு அண்ணிக்குப் போகும். அப்டேட் நின்றுபோனது, ஸ்டோரேஜ் நிரம்பியது, மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்குவது, ஒரு ஆப்பைத் திறப்பதற்குள் நாலு விளம்பரம் காட்டுவது. மளிகைக் கடையில் க்யூ.ஆர். அட்டைக்கு முன்னால் அண்ணி நிற்பார். கேமரா திறக்காது. திறந்தால் பணம் போகாமல் வட்டம் சுற்றும். பின்னால் நிற்பவர்கள் செருமுவார்கள். கடைக்காரர், "அக்கா, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்பார். கடைசியில் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிற நோட்டை எடுத்து நீட்டுவார் அண்ணி. அண்ணன் மிச்சம் பிடித்த பணத்துக்கு இத்தனை வருடமாக வட்டி கட்டிக்கொண்டிருப்பது அண்ணிதான். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன தீபாவளிக்குக் கேட்டேவிட்டேன். "அண்ணே, அண்ணிக்கு ஒரு புதுப் போன் வாங்கிக் குடுத்தா என்ன?"

"அவளுக்கு எதுக்குடா? வாட்ஸ்அப்பும் யூடியூப்பும்தானே பார்க்கிறா?"

அவரும் அந்த இரண்டைத்தான் பார்க்கிறார். செம்பருத்தியைப் படம் பிடிக்கிற நேரம் போக.