பௌர்ணமியும் மூன்று கில் பீரும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்டு என்று ஒரு கம்பளி ஆலை ஊர். 1836 ஜூன் 7 அன்று 16 பேர் கூடி அங்கே ஒரு பாட்டுச் சபா தொடங்கினார்கள். ஹேண்டல் வகையறாவின் பக்தி இசையைச் சேர்ந்து பாடுவதாக உத்தேசம். கூடிய இடம் பிளவ் இன் என்கிற மதுக்கடை.

இந்த ஹடர்ஸ்ஃபீல்டு கோரல் சொசைட்டியின் நிஜ வரலாறு கச்சேரிப் பட்டியலில் இல்லை, விதிப்புத்தகத்தில் இருக்கிறது. மாதக் கூட்டம் பௌர்ணமியன்று, அல்லது அதற்கு முன்வரும் வெள்ளிக்கிழமை. கிரிவலம் போக அல்ல; விளக்கில்லாத பாதையில் வீடு திரும்ப நிலா வேண்டும். இன்னொரு விதிப்படி ஆளுக்கு மூன்று கில் (அந்நாள் முகத்தலளவு) பீர், ரொட்டி, சீஸ். நிலா ஏன் அவ்வளவு அவசியம் என்பது இப்போது இன்னும் நன்றாக விளங்கும்.

எந்த ஆரட்டோரியோவை, அதாவது பக்திக் கதையைப் பாட்டாகச் சொல்லும் பெரிய இசைப்படைப்பை, பாடுவது என்பதை உறுப்பினர்கள் முறைவைத்துச் சொல்வார்கள். தன் முறை வரும்வரை அடுத்தவர் ரசனையைப் பொறுத்துக்கொள்ளவும் பீர் உதவியிருக்கும்.

1842இல் சபாவுக்கு அரசியல் பயம் பிடித்தது. ஊரில் ‘ஹால் ஆஃப் சயின்ஸ்’ என்றொரு மன்றம். சோதனைக் குழாயெல்லாம் கிடையாது. ராபர்ட் ஓவனின் சோஷலிஸ்டுகள் கூடிப் பேசும் இடம். அந்தப் பக்கம் போய்வருகிறவர் சபாவில் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. சோஷலிஸ்டுகளுக்கு நூலகர் தெரிந்தே இசைத்தாள் இரவல் கொடுக்கவும் கூடாதாம். தெரியாமல் கொடுத்தால் தோஷமில்லை போலும். ஹேண்டலின் ‘மெசையா’வைப் பாடிப் பாடி சோஷலிஸ்டுகள் பக்திமான்களாகிவிட்டால் லாபம்தானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு சபா பெரிய மனுஷத்தனத்துக்கு வந்தது. 1881இல் ஊருக்கு டவுன் ஹால் கிடைத்தது. கிறிஸ்துமஸ் தோறும் ‘மெசையா’ என்பது வழக்கமாயிற்று. 1932 முதல் 1967 வரை, கோட்டில் பூச்செருகிய மால்கம் சார்ஜென்ட் நடத்துனராகக் குச்சி அசைத்தார்.

இடையில், 1936இல், நூற்றாண்டு விழா. புதிதாக ஒன்று எழுதித்தரும்படி இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸைக் கேட்டார்கள். ‘டோனா நோபிஸ் பாசெம்’ (எங்களுக்கு அமைதி தாரும்) வந்தது. பைபிள் வசனம் இருந்தது, சந்தோஷம். கூடவே வால்ட் விட்மனின் கவிதைகள். அதுவும் போதாதென்று, கிரிமியப் போரை எதிர்த்து ஜான் பிரைட் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையிலிருந்து ஒரு துண்டு. அரசியல் மன்றத்துப் பக்கம் போனாலே ஆளை நீக்குவோம் என்ற சபா, ஓர் அரசியல்வாதியின் பேச்சையே ஆர்கெஸ்ட்ரா வைத்து, டிக்கெட் போட்டு, டவுன் ஹாலில் அரங்கேற்றியது.