கல்யாணில் ஏறுங்கள், பிரான்ஸில் இறங்குங்கள்

கேள்வி: பிரெஞ்சுக் கடற்கரை நகரம் ஒன்றில் வசந்த காலத்தில் ஒரு வாரம் அவசரமில்லாமல் தங்க ஆசை. தினமும் லோக்கல் ரயிலில் இடிபடும் எனக்கு நடக்குமா?
– வாசகி, டோம்பிவிலி

பதில்: விசாவே வேண்டாம். கல்யாணில் சாளுக்கியா எக்ஸ்பிரஸில் ஏறுங்கள், புதுச்சேரியில் இறக்கிவிடும். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. யாரும் இடிக்காமல் நடக்கலாம், உங்களுக்கு அதுவே பெரிய வைத்தியம். 1827இல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகத்தையும், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீட்டையும் ஓடிப் பார்க்காதீர்கள். 1908 முதல் பத்தாண்டுகள் அவருக்கு அடைக்கலம் தந்த ஊர் அது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடலில் பல ஊர் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கூடும். அந்த வசந்தம் பிரான்ஸின் நீஸ் நகரத்தில்கூடக் கிடைக்காது. ஏப்ரலில் வெயில் கொளுத்தும், மார்ச் பாதிக்குள் போய் வாருங்கள்.