ஆளைக் கூப்பிடாதவர்

எங்கள் ஃபிளாட்ஸில் பன்னிரண்டு வீடுகள். பதினொன்றில் குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவார்கள். பன்னிரண்டாவதில் டிடிஎஸ் சார் இருக்கிறார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சொத்துவரி ரசீதோடு சரி. அவருடைய சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பேனா மாதிரியே ஒரு மீட்டர் இருக்கும். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது, அதாவது டிடிஎஸ் எவ்வளவு என்று எண்ணில் காட்டும். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். இவருக்குக் கொடுத்தால் குடிக்க மாட்டார். மீட்டரை விட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு, ஜாதகத்தில் தோஷம் கண்ட ஜோசியர் போல நம்மை ஒரு பார்வை பார்ப்பார். ஒருமுறை தெருமுனையில் இளநீரில் விட்டார். எண் நாலு இலக்கத்துக்குப் பாய்ந்தது. அன்றிலிருந்து இளநீரை விட்டுவிட்டார். இளநீர்க்காரரிடமும் தொழிலை மாற்றிக்கொள்ளச் சொன்னதாகக் கேள்வி.

முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் பேரேடு எழுதியவர். அங்கே ஸ்டேப்ளர் கெட்டால்கூட ஆளைத்தான் கூப்பிட்டார்களாம். அந்தக் குறையெல்லாம் ஓய்வுக்குப் பிறகு தீர்கிறது. "இதுக்குப்போய் ஆளைக் கூப்பிடுவாங்களா?" என்பது அவர் வேதவாக்கு. அதைக் கேட்ட வீட்டில் அப்புறம் கட்டாயம் ஆளைக் கூப்பிட வேண்டிவரும். முதல் தடவை ஒருவர் போதும். இவர் கைவைத்த பிறகு இரண்டு பேர்.

என் மனைவி லிஃப்டில் வாய் தவறி, "சிங்குக்கு அடியில வைக்கிற ஆர்.ஓ. வாங்கியிருக்கோம், செவ்வாய்க்கிழமை மாட்ட வர்றாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்று சனிக்கிழமை.

"செவ்வாய் வரைக்கும் இந்தத் தண்ணியவா குடிப்பீங்க?" என்றார். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பெட்டியோடு வாசலில் நின்றார்.

சிங்குக்கு அடியில் இருப்பதை வெளியே எடுத்து வைப்பதற்கே அரைமணி நேரம். பினாயில், வெங்காயக் கூடை, பிடி உடைந்த குக்கர், கேரி பேக்குகளை அடைத்து வைத்த ஒரு பெரிய கேரி பேக், மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள். எல்லாவற்றையும் ஹாலில் பரப்பினோம். பிறகு சார் உள்ளே தலையைக் கொடுத்துப் படுத்தார். அதற்கப்புறம் மத்தியானம் வரை எங்களுக்குத் தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும்தான். எனக்குச் செல்போன் டார்ச் பிடிக்கும் பதவி.

வேலையைவிடப் பேச்சு அதிகம். "ஆர்.ஓ.வைக் கண்டுபிடிச்சதே நம்ம சௌரிராஜன், தெரியுமா சார்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. 1950களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்ற இருவர் உருவாக்கிய சவ்வுதான் ஆர்.ஓ.வை நடைமுறைக்குக் கொண்டுவந்தது என்பது உண்மை. திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பெயர் சௌரிராஜன் என்பதும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போட்டு, இந்த வித்தை நம் ரத்தத்திலேயே ஊறியது, படிக்கவேண்டிய அவசியமில்லை என்று அவர் முடிவு கட்டியதுதான் எங்கள் சமையலறைக்கு வந்த வினை. மிஷினோடு வந்த விளக்கப் புத்தகத்தை மடித்து முட்டிக்கு அண்டக் கொடுத்திருந்தார்.

மொட்டைமாடிக்குப் போய் வால்வை மூடச் சொன்னார். சிவப்புப் பிடியா நீலப் பிடியா என்று கேட்டேன். "ரெண்டையும் மூடுங்க, எதுக்கு வம்பு?" என்றார். முதல் மாடிக்காரர் தலை நிறைய ஷாம்புவோடு படியேறி வந்தது அப்போதுதான்.

டெஃப்ளான் டேப்பை மரை ஏறும் திசையில் சுற்ற வேண்டும். இவர் எதிர்த்திசையில் சுற்றினார். முடுக்க முடுக்க டேப் சுருண்டு வெளியே வந்தது. "மரை கழண்டிருக்கு சார்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கால் இஞ்ச் டியூபை நேராக வெட்டிச் செருகினால்தான் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஒழுகாமல் அடைக்கும். அதற்கென்று கட்டர் உண்டு. இவர் என் மனைவியின் கத்தரிக்காய் நறுக்கும் கத்தியை வாங்கி, கத்தரிக்காய் போலவே சாய்வாக நறுக்கினார்.

மூன்று மணிக்கு மிஷின் ஓடியது. தனிக் குழாயில் முதல் டம்ளரைப் பிடித்தார். தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. புதுக் கார்பன் அப்படித்தான் கரி கக்கும். முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சார் கொட்டவில்லை. "நம்ம தாத்தாவெல்லாம் கரியிலதான் பல்லு தேய்ச்சாங்க" என்று சொல்லிக் குடித்தே காட்டினார். அந்தத் துணிச்சலை மட்டும் நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

பிறகு மீட்டர் வெளியே வந்தது. வழக்கமான மெட்ரோ தண்ணீர் 310. மிஷின் தண்ணீர் 42. பரீட்சையில் பேரன் முதல் மார்க் வாங்கியதுபோல அந்த 42-ஐ ஃபிளாட்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

இராத்திரி உட்கார்ந்து படித்தேன். குடிதண்ணீருக்கு இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. அதன்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத் தக்கது. 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. எங்கள் 310-க்கு இந்த மிஷினே வேண்டியதில்லை. கிருமி போகக் கொதிக்க வைத்தால் போதும். இன்னொன்று, அந்த மீட்டர் அளப்பது மின்கடத்தலை. உப்பு தெரியும், கிருமி தெரியாது. காலரா மிதந்தாலும் அது 42 என்றே சொல்லும்.

மறுநாள் சாரிடம் மெதுவாக இதை எடுத்தேன். பதில் சொல்லாமல் சிங்கில் போய்க்கொண்டிருந்த கழிவுத் தண்ணீரில் மீட்டரை விட்டார். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் அப்படிப் போகிறது. காட்டிய எண் 400. ஆக, சர்க்கார் கணக்கில் நாங்கள் கொட்டுவதும் குடிக்கிற தண்ணீர்தான். சார் மீட்டரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "பேட்டரி வீக்கு" என்றார்.

சாய்வாக நறுக்கிய டியூப் இருக்கிறதே, மிஷின் டேங்கிலிருந்து குழாய்க்குப் போவது, அது அன்றிலிருந்தே சொட்டுகிறது. செவ்வாய்க்கிழமை வரவேண்டிய ஆளை, "எல்லாம் மாட்டியாச்சுப்பா" என்று போனில் சார்தான் திருப்பி அனுப்பினார். சொட்டுகிறது என்று சொன்னதும் ஓடி வந்தார். குனிந்தார். ஸ்பேனர் எடுப்பார் என்று பார்த்தால் மீட்டரை எடுத்தார். சொட்டை உள்ளங்கையில் பிடித்து அளந்தார்.

"42! சார், ஒழுகுறதும் சுத்தமான தண்ணி. கீழ ஒரு பாத்திரம் வைங்க. இதுக்குப்போய் ஆளைக் கூப்பிடுவாங்களா?"

இரண்டு லிட்டர் பாத்திரம் வைத்திருக்கிறோம். சாயங்காலத்துக்குள் நிறைந்துவிடுகிறது. காபி அதில்தான் போடுகிறோம்.