போசிக்ஸ் பெரியப்பா

எந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். முகத்துக்கு நேரே ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘போசிக்ஸ் பெரியப்பா’. மேஜைமேல் ஒரு மேக், ஒரு உபுண்டு. பக்கத்தில் ஃப்ரீபிஎஸ்டி ஓடும் பழைய டப்பா. காலடியில் ஒரு சன் வொர்க்ஸ்டேஷன். யாராவது அதில் காலை வைத்துவிட்டால், “மணைப்பலகை இல்லப்பா அது, சோலாரிஸ். இன்னும் பூட் ஆகும்” என்பார்.

புதிதாகச் சேர்ந்த பையன் வாய் தவறி, “என் மெஷின்ல ஓடுதே சார்” என்று சொன்னால் போதும். நாற்காலி மெல்லத் திரும்பும்.

“ஸ்கிரிப்ட் முதல் வரியில என்ன போட்டிருக்கே?”

“ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் பாஷ், சார்.”

“ஃப்ரீபிஎஸ்டியில பாஷ் அங்கேயா குடியிருக்கு? தனியா இன்ஸ்டால் பண்ணணும். பண்ணினாலும் யூஸர் லோக்கலுக்குள்ளதான் போய் உட்காரும்.”

“மேக்ல இருக்கே சார்?”

“இருக்கு. 3.2. 2006-ல வந்தது. பாஷ் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு லைசென்ஸுக்கு மாறினதும் ஆப்பிள் அதோட நின்னுடுச்சு. 2019-ல இசட் ஷெல்லுக்கே தாவிடுச்சு. நீ போட்டிருக்கிற அசோசியேட்டிவ் அர்ரே 2009-ல, பாஷ் 4-லதான் பொறந்துது, தம்பி.”

தம்பி அசந்திருக்கும் நேரம் பார்த்து ‘செட்’ (sed) கட்டளையின் புராணம் ஆரம்பமாகும். லினக்ஸில் மைனஸ் ஐ போட்டால் ஃபைலை இருந்த இடத்திலேயே திருத்திக் கொடுத்துவிடும். மேக்கிலோ, பழைய ஃபைலின் நகலுக்கு என்ன வால் ஒட்டுவது என்று சொல்லியாக வேண்டும். வேண்டாமென்றால் வெறும் மேற்கோள்குறிகளை வைத்து, வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம் கட்டளையையே வாலாக எடுத்துக்கொண்டு, ஃபைல் பெயரைக் கட்டளை என்று நினைத்து நம்மைத் திட்டும்.

“எல்லாம் யுனிக்ஸ்தானே சார், ஏன் இப்படி?”

“1969-ல பெல் ஆய்வகத்துல பொறந்த தாத்தா ஒருத்தர்தான். அதனாலதான் பங்காளிச் சண்டை. மேக் 2007-லயே யுனிக்ஸ்னு முறைப்படி சான்றிதழ் வாங்கிடுச்சு. லினக்ஸுக்கு ரத்த சம்பந்தமே கிடையாது. தாத்தா ஜாடை மட்டும்தான்.”

கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ‘கில்லால்’ கதைக்கு வருவார். லினக்ஸில் அது பெயர் சொன்ன புரோகிராமை மட்டும்தான் முடிக்கும். சோலாரிஸில் சொன்ன சொல் தவறாது: ஓடுகிற எல்லாவற்றையும் முடித்துவிடும். ரூட்டாக உள்ளே போய் இதை அடித்தவர்களின் கதி என்ன ஆயிற்று என்று மட்டும் அவர் சொல்வதில்லை. காலடியில் இருக்கும் பெட்டியை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

பையனின் பத்து வரி ஸ்கிரிப்ட் அவர் கைக்குப் போனால் நூற்றுச் சொச்சம் வரியாகத் திரும்பும். யூநேம் போட்டு எந்த ஊர் மெஷின் என்று கேட்கும். ‘மேக்’ (make) கட்டளை ஜிஎன்யூவுடையதா, பிஎஸ்டியுடையதா என்று பார்க்கும். பாஷுக்கு வயது என்ன என்று துருவும். வேலை செய்வது அதே பத்து வரிதான். மற்றதெல்லாம் விசாரணைக் கமிஷன்.

மேனேஜர் ரிலீஸ் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்த பிறகு ஒருநாள் பெரியப்பா கை தட்டுவார்: “நாலு சிஸ்டத்துலயும் ஓடுது!”

நிஜம்தான், ஓடுகிறது. வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் இருப்பது உபுண்டு. மற்ற மூன்றிலும் அதை ஓட்டுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை.