விலை சொல்லும் வித்தை

ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள்வது சிரமம் என்றும், அதில் தேர்ச்சி பெறுவது அதனினும் சிரமம் என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் இவ்விரண்டையும்விடப் பன்மடங்கு சிரமமான காரியம் ஒன்று உண்டு என்பதை, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பொழுதுபோக்காக ஒயர்க்கூடை பின்னிக்கொண்டிருந்த என் சம்சாரம், அதையே ஒரு வியாபாரமாக நடத்துவது என்று சங்கற்பம் செய்துகொண்டதிலிருந்து நான் பிரத்தியட்சமாகக் கண்டுவருகிறேன். அந்தக் காரியமாவது: பின்னி முடித்த கூடையை ஒன்றுவிட்ட மதினியின் கையில் கொடுத்துவிட்டு, அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, "400 ரூபாய்" என்று சொல்வது.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. இந்தப் பெயரை வாசித்த மாத்திரத்தில் கிரிவலத்தையும் கார்த்திகைத் தீபத்தையும் நினைத்துக் கைகூப்பிய வாசகர்கள் கூப்பிய கையை எடுக்க வேண்டியதில்லை; திசையை மாத்திரம் தெற்கே திருப்பிக்கொண்டால் போதும். எங்களுடையது விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, ஒரு சிறு குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கிற திருவண்ணாமலை. தென் திருப்பதி என்ற பிரசித்தியும் அதற்கு உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அடிவாரத்தில் திரளும் ஜனக்கூட்டத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பிரசித்தியைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆயினும் அருணாசலேசுவரருடைய கீர்த்திக்கு முன்னால் எங்கள் விலாசம் எடுபடுவதில்லை. கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில் கூடை கேட்ட ஓர் அம்மாள், "வர்ற பௌர்ணமிக்கு எப்படியும் கிரிவலம் வருவோம், ராஜகோபுரத்துக்கிட்ட வந்து வாங்கிக்கிறோம்" என்று உற்சாகமாகச் சொன்னார். அந்தக் கோபுரத்துக்கும் எங்களுக்கும் ஓர் இராத்திரி பஸ் பிரயாணம் இருக்கிறது என்பதை என் சம்சாரம் எடுத்துரைத்ததும், அந்த அம்மாளின் உற்சாகமும், எங்கள் வியாபாரத்தின் முதல் வெளியூர் ஆர்டரும் ஒருங்கே மறைந்தன.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் பொழுதுபோக்கைப் பொழுதுபோக்காகவே வைத்துக்கொள்வது சற்றுக் கௌரவக் குறைவான விஷயம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாலையும் சர்க்கரையையும் தவிர வேறொன்றும் சேர்க்காமல் கிண்டிக் கிண்டியே ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் 2019ஆம் ஆண்டில் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி, யார் யாருக்கோ பட்ட காயங்களையெல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறது. தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டியும், சுந்தரபாண்டியத்தில் நெய்கிற கைத்தறிச் சேலையும் பஸ் ஏறி, ரயில் ஏறிப் போகின்றன. இத்தகைய பூமியில் பிறந்த ஒரு ஸ்திரீ, வருஷக்கணக்காகக் கூடை பின்னிக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இனாமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார் என்றால், அது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகிறதே தவிர, ஊரின் சம்பிரதாயத்தைக் காட்டவில்லை.

ஒயர்க்கூடை எங்கள் இளமைக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கியது. பிறகு கடைக்காரர்களே கேரி பேக் கொடுக்கத் தொடங்கியதும், கூடை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது பட்டிக்காட்டுத்தனம் என்றொரு அபிப்பிராயம் பரவி, கூடைகளெல்லாம் பரணேறின. 2019 ஜனவரி 1ஆம் தேதி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டு சர்க்கார் தடை செய்ததும், 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தொடங்கியதும் கூடைக்கு மறுபடியும் யோகம் அடித்தது. பிளாஸ்டிக் பையை ஒழிப்பதற்குப் பிளாஸ்டிக் ஒயரால் பின்னிய கூடையா என்று விதண்டாவாதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முள்ளை முள்ளால் எடுப்பது நம்முடைய பழைய சாஸ்திரம் என்பதோடு, ஒரு நல்ல கூடை அதைப் பின்னியவரின் பேரன் பள்ளிக்கூடம் போகும் வரையில் உழைக்கும் என்பதும் அவர்களுக்குப் பதிலாகும்.

கூடை பின்னுகிற விதத்தைக் கிட்டத்தில் இருந்து பார்க்காதவர்களுக்காக அதைக் கொஞ்சம் விவரிக்கிறேன். ஒயர்க் கட்டைப் பிரித்து, ஒரே அளவாகத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் சரிபாதியில் மடக்கி, அந்த மடிப்பில் ரன்னிங் ஒயரைக் கோத்து முதல் முடிச்சைப் போட வேண்டும். அந்த முடிச்சு தளர்ந்தால் அடிப்பாகம் தொய்யும்; அளவுக்கு மீறி இறுகினால் கூடை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். அடி போட்டு முடித்து, மூலை திருப்பி, சுற்றுச் சுற்றாக மேலே ஏற்றி, கடைசியில் மிஞ்சிய நுனிகளையெல்லாம் உள்முடிச்சுகளில் செருகி மறைத்து, கைப்பிடி பின்ன வேண்டும். இது சாதாரண முடிச்சின் கதை. நெல்லிக்காய் முடிச்சு என்றும், சிவன் கண் என்றும் மேல்வகுப்புகள் இருக்கின்றன. சிவன் கண் கூடையில் ஒரு கண் பிசகினால் என் சம்சாரத்தின் இரண்டு கண்களும் சிவந்துவிடும், பிசகிய இடம் வரையில் அத்தனையையும் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவார். அந்தச் சமயத்தில் காபி கேட்பது புத்திசாலித்தனமல்ல.

வீட்டில் ஒரு வியாபாரம் ஸ்தாபிதமானால் வீடு என்னவாகும் என்பதைப் பற்றி, பெண்களுக்குத் தொழில் முனைவைப் போதிக்கிற பிரசங்கிகள் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. என்னுடைய சாய்வு நாற்காலியின் இரண்டு கைகளும் வெட்டிய ஒயர்களைத் தொங்கவிடுவதற்கு அனுகூலமானவை என்று கண்டுபிடிக்கப்பட்டு, நாற்காலி தொழிற்சாலையின் யந்திர சாமான்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சௌக்கியமாக இருந்த எனக்கு, ஸ்கேலும் கத்தரிக்கோலும் கொடுத்து, ஒயர் வெட்டும் புதிய உத்தியோகம் போட்டுத் தரப்பட்டது. இதில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, மேலதிகாரியை விமர்சித்து மொட்டைக் கடிதம் எழுதும் சுதந்திரமும் கிடையாது.

இவையெல்லாம் சகித்துக்கொள்ளக் கூடியவையே. சகிக்க முடியாதது பந்து ஜனங்களின் வாத்ஸல்யம். கூடை இனாமாக இருந்த காலத்தில், "உன் கைக்குத் தங்கத்துலதான் காப்புப் போடணும்" என்று புகழ்ந்த அதே சித்தி, விலை என்று ஒன்று பிறந்தவுடன், "ஒயர்தானே, இதுக்குப் போயி 400 ரூவாயா?" என்று திடுக்கிட்டார். மற்றொருவர், ரதவீதிக் கடையில் இதைவிடப் பெரிய கூடை 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்ற தகவலை இலவசமாக வழங்கினார். அந்தக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்று நான் சொன்னபோது, அது அவ்வளவு நன்றாக இல்லை என்ற உண்மையையும் இலவசமாகவே வழங்கினார். வேறொரு மாப்பிள்ளை கூடை எதுவும் வாங்காமல், இதை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தால் கோடீசுவரர்களாகிவிடலாம் என்று ஒரு மத்தியானம் முழுவதும் யோசனை சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எல்லாரையும் மிஞ்சியவர் ஒன்றுவிட்ட மதினிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணில் ஆண்டாள் நாச்சியார் மாலையைத் தாம் சூடிப் பார்த்துப் பிறகு பெருமாளுக்குக் கொடுத்த வைபவத்தை அறியாதவர் இல்லை. இன்றைக்கும் அந்தச் சூடிக்களைந்த மாலை, புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வருகிற கள்ளழகருக்கும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் மதினி இந்தப் புண்ணிய வழக்கத்தைக் கூடைக்கும் விஸ்தரித்தார். "வீட்ல காட்டிட்டு வந்துர்றேன்" என்று எடுத்துப்போனவர், இரண்டு வாரச் சந்தைகளைக் கூடையோடு பார்த்துவிட்டு, "கலரு பிடிக்கலைங்குறாக" என்று திருப்பிக் கொண்டுவந்தார். நாச்சியார் சூடிக் கொடுத்த மாலைக்கு மகிமை கூடிற்று. மதினி சூடிக் கொடுத்த கூடைக்குள் நாலைந்து வெங்காயச் சருகுகள் மாத்திரம் கூடியிருந்தன.

அன்று இராத்திரி நான் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூடையின் விலை 400, ஒயருக்கு 150, மிச்சம் 250. ஒரு கூடைக்கு இரண்டு நாள் வேலை. அதாவது நாளொன்றுக்கு 125 ரூபாய். 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்டிருந்த தினக்கூலியே 319 ரூபாய்.

"ஏம்மா, உன் கைக்கு என்ன கூலி போட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"நான்தான் டி.வி. பாத்துக்கிட்டே பின்னுறேனேங்க, அதுக்குப் போயி எப்படிக் கூலி போடுறது?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில், நம் நாட்டு வீடுகளில் நடக்கிற கைத்தொழில்களின் துக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. செய்கிறவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் கிடைத்துவிட்டால், அந்தச் சந்தோஷத்தையே கூலியில் கழித்துக்கொள்வது என்று ஊரும் தீர்மானிக்கிறது, செய்கிறவரும் சம்மதிக்கிறார். ஆபீசில் அரட்டை அடித்துக்கொண்டே கோப்புப் பார்க்கிற உத்தியோகஸ்தருக்கு, அரட்டையில் கிடைத்த ஆனந்தத்துக்காகச் சம்பளத்தில் எந்த சர்க்காரும் பிடித்தம் செய்ததில்லை. ஆண்டாள் சந்நிதியில் தினந்தோறும் புதிதாகச் செய்து நாச்சியாரின் இடக்கையில் வைக்கிற கிளியைப் பாருங்கள்: மாதுளம்பூவில் அலகு, மரவள்ளி இலையில் உடம்பு, காக்காப்பொன்னில் கண். அதைக் கண்டு "இலைதானே" என்று யாராவது சொல்கிறார்களா? கையின் வேலையைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதே பக்தர்கள் சந்நிதியை விட்டு வெளியே வந்து கூடையைப் பார்த்தவுடன் "ஒயர்தானே" என்று ஆகிவிடுகிறார்கள்.

பொழுதுபோக்கு ஜீவனோபாயமாக மாறிய திருஷ்டாந்தங்கள் இல்லாமல் இல்லை. செட்டிநாட்டில் பனையோலையால் பின்னுகிற கொட்டான், ஒரு காலத்தில் ஆச்சிமார் தங்கள் கல்யாணக் காரியங்களுக்காக வீட்டிலேயே ஓய்வுவேளையில் பின்னிக்கொண்டது. அது வழக்கொழிந்து போகவிருந்த தறுவாயில், விசாலாட்சி ராமசாமி அவர்கள் ஸ்தாபித்த எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை, கிராமத்துப் பெண்களுக்கு அந்தக் கலையைக் கற்பித்து வருமானத்துக்கு வழி செய்தது. இன்று கொட்டானுக்கும் புவிசார் குறியீடு உண்டு. 1959 மார்ச் 15ஆம் தேதி பம்பாயில் ஏழு பெண்கள் ஒரு மொட்டை மாடியில் கூடி, 80 ரூபாய் கடன் வாங்கி இட்ட அப்பளம் லிஜ்ஜத் என்ற பெயரில் தேசமெங்கும் பொரிகிறது. அந்த ஏழு பேரின் வெற்றி ரகசியம் அந்த 80 ரூபாய்க் கடன்தான் என்பது என் சொந்த அபிப்பிராயம். கடனைத் திருப்ப வேண்டியிருந்ததால் மதினிமாருக்கு இனாம் அப்பளம் கொடுக்க வழியில்லாமல் போயிருக்கும்.

சர்க்காரும் இடைஞ்சல் செய்வதாகச் சொல்ல முடியாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. ஜி.எஸ்.டி. பற்றி விசாரித்தபோது, சாமான் விற்கிறவர்களுக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்ச ரூபாயைத் தாண்டினால்தான் அந்தக் கவலை என்று ஆடிட்டர் ஒருவர் தைரியம் சொன்னார். நானும் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 ரூபாய்க் கூடையில் 40 லட்சத்தை எட்டுவதற்கு 10,000 கூடைகள் வேண்டும். கூடைக்கு இரண்டு நாள் வீதம், 54 வருஷத்துக்கு மேற்பட்ட வேலையை ஒரே வருஷத்தில் செய்து முடிக்க வேண்டும். அந்த அபாயம் சமீபத்தில் இல்லை என்று சம்சாரத்துக்கு உறுதி கூறினேன்.

கடைசியில் ஒரு யுக்தி செய்தோம். வாயால் விலை சொல்ல நாணுகிறவர்களுக்காகவே எழுத்து என்ற ஒன்றைப் பெரியவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள் அல்லவா? ஓர் அட்டையில், "ஒயர் 150, பின்னுகூலி 400, ஆக 550" என்று கொட்டை எழுத்தில் எழுதித் திண்ணைத் தூணில் கட்டினோம். அதன் பலன் விசித்திரமாக இருந்தது. ஒயரின் 150 ரூபாயில் இன்றுவரை ஒருவரும் ஐந்து காசு குறைத்துக் கேட்டதில்லை. அத்தனை பேரமும் கூலியில்தான். கம்பெனி செய்த சாமானுக்கு நியாய விலை உண்டு, மனுஷி செய்த வேலைக்கு மாத்திரம் தள்ளுபடி வேண்டும் என்று நம் ஜனங்கள் எண்ணுவது, அந்த அட்டையைக் கட்டுகிற வரையில் எங்களுக்கு இத்தனை துலாம்பரமாகத் தெரிந்திருக்கவில்லை. பேரத்துக்கு என் சம்சாரம் வைத்திருக்கிற பதில் சுருக்கமானது: "உறவுக்குக் காப்பி உண்டு, குறைப்புக் கிடையாது."

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மலையேறிச் சேவித்துவிட்டு இறங்குகிற வெளியூர்க்காரர்கள், அட்டையை ஒருமுறை பார்த்து, கூடையை இருமுறை திருப்பிப் பார்த்து, 550 ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு எங்களோடு யாதொரு பந்துத்துவமும் இல்லாததே அதற்குக் காரணம். ஒன்றுவிட்ட மதினி சில மாதங்கள் எங்கள் வாசற்படியை மிதிக்காமல் இருந்தார். பிறகு தம் மகளின் வளைகாப்புக்கு வேண்டுமென்று மூன்று சிவன் கண் கூடைகள் கேட்டு, முழுப் பணத்தையும் முன்னதாகவே கொடுத்தார். கொடுக்கும்போது முகம் மலர்ந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் நோட்டுகள் சரியாக இருந்தன.

ஆகையால் வாசகர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். உங்கள் குடும்பத்திலும் கூடை பின்னுகிற மதினியோ, பட்டுநூல் வளையல் சுற்றுகிற சித்தியோ, ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிற தங்கை மகளோ கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் செய்தது பிடித்திருந்தால் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள். பிடிக்கவில்லையென்றால் காப்பியைக் குடித்துவிட்டுக் கௌரவமாக எழுந்து போங்கள். "எனக்கு மட்டும் சும்மா ஒண்ணு போட்டுக் குடேன்" என்று மாத்திரம் தயவுசெய்து கேட்காதீர்கள். அதைக் கேட்க ஏற்கனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.